பணித்தளத்தில் முதல் இரண்டு ஆண்டுகள்: புதிதாகப் போகும் மிஷனெரிகளுக்கு

நான் செவிலியர். கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வேற்று நாட்டின் கிராமப்புறம் ஒன்றில் மிஷனெரியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தேன். இப்போது புதிதாகப் புறப்படும் குடும்பங்களை ஆயத்தப்படுத்தும் பொறுப்பில் இருக்கிறேன். அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் பிரசங்கத்தையும் சபை நிறுவுவதையும் பற்றிய கேள்விகள். நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி. அன்று கூட்டம் இருக்காது. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைக்குச் சளி, பேசினால் பாதிதான் புரியும். அந்த நாளை எப்படி வாழ்வது என்று கற்றுக்கொண்டவர்கள் பணித்தளத்தில் தங்குகிறார்கள்.

நான் அறிந்தவரை, பாதியில் ஊர் திரும்பியவர்கள் துன்புறுத்தலுக்குப் பயந்து திரும்பவில்லை. மாறிமாறி வந்த காய்ச்சல், பிள்ளைகளின் படிப்பு, உடன் ஊழியரோடு நின்றுபோன பேச்சு, பணக்குழப்பம், மனைவியின் தனிமை, இவைதான் அவர்களைத் திருப்பி அனுப்பின. இவற்றில் பலவற்றுக்கு முன்னதாகவே வழி செய்யலாம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

புறப்படும் முன்

விசாவில் உண்மையாயிருங்கள். நீங்கள் போகும் நாடு மத ஊழியருக்கென்று விசா கொடுத்தால் அதையே வாங்குங்கள். கொடுக்காத நாடானால் உண்மையான ஒரு வேலையோடு போங்கள். போன பிறகு அந்த வேலையை மனதார, முழு நேரமும் செய்யுங்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்தபோது அது பெயருக்குச் செய்த தொழிலாக இருக்கவில்லை. சுற்றுலா விசாவில் நுழைந்து, எல்லையைத் தாண்டித் திரும்பித் திரும்பி அதை நீட்டித்துக்கொண்டு வாழ்வது வேண்டாம். பிடிபட்டால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணைக்குப் பதில் சொல்ல அந்த ஊரின் விசுவாசிகள்தான் மிஞ்சுவார்கள்.

பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மீதியிருக்க வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. அதன் நகலையும் விசாவின் நகலையும் உங்களைப் பணிக்கு அனுப்பும் சபையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். மருத்துவமனை தொலைவிலிருக்கும் இடத்தில் பல்வலி எத்தனை பெரிய சோதனை என்பது வந்தால்தான் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது ஜோடியையும் எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்குப் போகிறவர்கள் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது, ஏனென்றால் அந்தச் சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும். ஒருமுறை போட்டுக்கொண்டால், 2016 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வாழ்நாள் முழுவதும் செல்லும்.

மூட்டையில் புத்தகங்களைக் குறைத்து மருந்துகளுக்கு இடம் விடுங்கள். மருந்துச் சீட்டையும் கூடவே வையுங்கள்.

வீடும் தண்ணீரும் காய்ச்சலும்

யாருக்காகப் போயிருக்கிறீர்களோ, அவர்கள் நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு பாருங்கள். வெளிநாட்டினர் மட்டும் குடியிருக்கும் சுற்றுச்சுவருக்குள் வசதி அதிகம்தான். ஆனால் அங்கே உங்களுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்காது. பூட்டு சரியாக இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைக்காலத்தில் வாசல் என்னவாகும் என்ற மூன்றையும் வாடகை பேசும் முன்பே கேளுங்கள். கடைசிக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் கேட்பது நல்லது.

குடிக்கும் தண்ணீரைக் குமிழி விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் இந்த வித்தியாசம். காய்ச்சிய தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, கை படாமல் ஊற்றிக் குடிக்க வேண்டும். கொதிக்க வைக்காத தண்ணீரில் பல் துலக்குவதும் தவறு.

வயிற்றுப்போக்கு வந்தால் உடலிலிருந்து போகும் நீரும் உப்பும்தான் ஆபத்து. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. அளவில் கவனம் வேண்டும். இந்த ஒரு செய்முறையை எங்கள் தெருவில் எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மொழி சரியாக வராத நாட்களிலும் கரண்டியைக் காட்டிச் சொல்ல முடிந்தது.

மலேரியாவைப் பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்கு கொசு பகலில் கடிக்கும். ஆகவே மருந்து தோய்த்த வலைக்குள் தூங்குவது மட்டும் போதாது, பகலிலும் கைகால்களை மூடும் உடை வேண்டும். மலேரியா பகுதியில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "ஜெபித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒருபோதும் காத்திருக்காதீர்கள். பரிசோதனைக்குப் போகும் வழியிலும் ஜெபிக்கலாம். ஊருக்குத் திரும்பிய சில மாதங்களுக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் எங்கே வாழ்ந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசிக்குப் புறப்படுங்கள்.

மொழி

முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் முதன்மையான ஊழியம் மொழி கற்பதுதான். இதை அனுப்பும் சபைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்று கடிதம் வரும், அதற்குப் பதில் எழுதவேண்டுமே என்ற கலக்கத்தில் நீங்கள் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவீர்கள்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க், ஒரு முதிய ஆசிரியரின் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். படித்த, இருபதுகளிலிருந்த ஜெர்மானியர் அவர். சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்ற முடிந்ததற்கு அந்தத் தரைதான் தொடக்கம். அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மணல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நான் பரிந்துரைக்கும் முறை எளிமையானது. காலையில் ஆசிரியரோடு இரண்டு மணி நேரம். முதல் சில வாரங்களில் வாய்திறந்து பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிக நேரம் கொடுங்கள்: ஆசிரியர் பொருள்களைச் சொல்லச் சொல்ல நீங்கள் எடுத்துக் காட்டுங்கள், "கதவைத் திற", "தண்ணீர் கொண்டுவா" என்று அவர் சொல்ல நீங்கள் செய்யுங்கள். பிறகு அன்றன்றைக்கு நான்கைந்து வாக்கியங்களை மட்டும் நன்றாகக் கற்று, அவர் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாலையில் வெளியே போய், அதே நான்கைந்து வாக்கியங்களைப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசுங்கள். மறுநாள் காலை, புரியாமல் போனவற்றை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அறையில் உட்கார்ந்து இலக்கணப் புத்தகத்தை முடிப்பவர்களைவிட, தெருவில் திரிந்து சின்ன வாக்கியங்களைப் பேசியவர்கள் விரைவில் நெருங்கிப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் மிகச் சிறந்த ஆசிரியர்கள், சொன்னதையே எத்தனை முறை கேட்டாலும் திரும்பச் சொல்வார்கள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். பல் இல்லாததால் அவர் பேச்சு எனக்கு மற்றவர்கள் பேச்சைவிடக் கடினமாக இருந்தது. அதனாலேயே தினமும் அவரிடம் போனேன். அவர் பேசுவது புரியத் தொடங்கிய பிறகு, சந்தையில் யார் பேசினாலும் எனக்குப் பயம் போய்விட்டது.

ஆசிரியருக்கு அந்த ஊரில் ஓர் ஆசிரியர் பெறும் ஊதியத்தைக் குறைக்காமல் கொடுங்கள். சாட்சி சொல்ல அழைத்தால், அதை முன்பே அவரோடு உட்கார்ந்து எழுதித் திருத்திக்கொண்டு போங்கள். அவர் விசுவாசியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் நம்பிக்கையை அவர் முதன்முறையாக முழுவதும் கேட்கும் வேளையாகவும் அது அமையலாம்.

பலன் தாமதிக்கும். வில்லியம் கேரி இந்தியாவுக்கு வந்தது 1793இல். முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில். அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவில் இறங்கினார். அங்கே முதல் விசுவாசி 1819இல்தான். இந்த ஆண்டுகளை உங்கள் சபை மூப்பர்களிடம் சொல்லுங்கள்.

நாளும் அக்கம்பக்கமும்

விடிவதற்கு முன் ஒரு மணி நேரத்தை ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் ஒதுக்குங்கள். அதைத் தாய்மொழி வேதாகமத்தில் செய்யுங்கள். அந்த நேரத்தையும் மொழிப் பயிற்சியாக மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆத்துமா இளைப்பாற அதற்கென்று ஒரு மொழி வேண்டும். பிறகு சமையல், தண்ணீர், துணி. பின்னர் மொழி வகுப்பு. மதியம் ஓய்வு, வெப்பநாடானால் இதை வெட்கமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணி முதல் 6 மணி வரை எங்கள் கதவு திறந்திருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். அந்த நேரத்தில் நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. யாரும் வராத நாட்களில் நான் போய்ப் பார்ப்பேன்.

எல்லோரும் புதியவர்களுக்கு "உதவி செய்யுங்கள்" என்று சொல்கிறார்கள். நான் "உதவி கேளுங்கள்" என்று சொல்கிறேன். ஏணியை இரவல் கேளுங்கள். அடுப்பு எரியாவிட்டால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். குழந்தை அழுகிறதென்றால் அனுபவமுள்ள பாட்டியிடம் காட்டுங்கள். ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் பேச்சைத் தொடங்கியபோது குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார். கொடுக்கவே வந்தவர் என்று நினைத்து ஊர் உங்களை நடத்தினால், யாருக்கும் உங்களோடு சரிசமமாகப் பழக வழியிருக்காது. உங்களுக்கு ஒன்றைக் கொடுத்தவர் உங்களிடம் உரிமையோடு பேசுவார். விருந்துக்கு அழைத்தால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள். எழுபது பேரை அனுப்பியபோது ஆண்டவர் கொடுத்த கட்டளைகளில் அதுவும் ஒன்று.

பணம்

மூன்று மாதச் செலவுக்கான தொகையும், குடும்பம் முழுவதும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான தொகையும் தனிக் கணக்கில், தொடாமல் இருக்க வேண்டும். நாணய மாற்று விகிதம் இரவோடு இரவாகச் சரியலாம், காணிக்கை தாமதிக்கலாம்.

வீட்டு வாசலில் கேட்டு வருகிறவர்கள் விஷயம்தான் கடினம். மருந்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, அடக்கத்துக்கு என்று வருவார்கள்; பெரும்பாலான கோரிக்கைகள் உண்மையானவை. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று முடிவெடுத்தால் மனம் உடைந்துபோகும். நாங்கள் செய்தது இது: மாதந்தோறும் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கினோம். உயிருக்கு ஆபத்தான நோய்க்கு உடனே கொடுப்போம். மற்றவற்றை அந்த ஊர்ச் சபையின் மூப்பர் இருவரோடு பேசிவிட்டுச் செய்வோம். கடன் கொடுக்கவே மாட்டோம், ஏனென்றால் திருப்பித் தர முடியாதவர் நம்மைக் கண்டு ஒளியத் தொடங்குவார். பணத்தோடு அவர் நட்பும் போகும். எந்த உதவியையும் ஆராதனைக்கு வருவதோடு முடிச்சுப் போடாதீர்கள். அரிசிக்காக வந்தவர்கள் என்ற பெயர் தலைமுறை தாண்டியும் ஒரு சபையைப் பின்தொடரும். நான்காவது வயதில் காய்ச்சலோடு வந்த ஒரு பையனின் குடும்பம் இன்றுவரை எங்கள் சபைக்கு வந்ததில்லை. அவன் திருமணத்துக்கு எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

வெளிநாட்டுப் பணம் நின்றால் நின்றுபோகும் எதையும் தொடங்க வேண்டாம். சீனாவில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் 1890இல் கொரியாவுக்குப் போனபோது அங்கிருந்த இளம் மிஷனெரிகளுக்கு இதைத்தான் வலியுறுத்தினார்: சபைக் கட்டடத்தையும் ஊழியரின் சம்பளத்தையும் அந்த நாட்டு விசுவாசிகளே தாங்கட்டும். கொரியச் சபைகள் அந்த வழியில் வளர்ந்தன, இன்று அவர்களே உலகெங்கும் மிஷனெரிகளை அனுப்புகிறார்கள். ஓலைக் கூரையின் கீழ் தங்கள் காணிக்கையில் கூடும் இருபது பேரை அவசரப்பட்டுக் கான்கிரீட் கட்டடத்துக்குள் தள்ளாதீர்கள்.

ஜெபக் கடிதம்

உங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு ஊழியச் செய்தி எழுதும் கடிதம் இது. மாதம் ஒன்று, ஒரே பக்கம். எழுதியதை அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எதிர்வீட்டுக்காரர் இதைப் படித்தால் என் முகத்தைப் பார்ப்பாரா? இன்று பல மொழிகளைக் கைபேசியே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. அவர் படிக்கத்தான் போகிறார். "இருளில் வாழும் மக்கள்" என்றும் "பின்தங்கிய ஊர்" என்றும் எழுதாதீர்கள். உங்களுக்கு ஏணி கொடுத்தவர்கள் அவர்கள். மதம் மாறுவது ஆபத்தான நாடுகளில் பெயர், ஊர், முகம் மூன்றும் வெளியே வரக்கூடாது. மற்ற இடங்களிலும் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள், நோயுற்ற குழந்தையின் படத்தைக் காணிக்கைக்காகக் காட்டவே காட்டாதீர்கள். ஒன்றும் நடக்காத மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதுங்கள். எங்களுக்காக உருக்கமாக ஜெபித்தவர்கள் அந்த மாதங்களில்தான் பதில் எழுதினார்கள்.

கணவன், மனைவி, பிள்ளைகள்

வில்லியம் கேரியின் வரலாற்றை எல்லோரும் அவர் பக்கமிருந்து சொல்கிறார்கள். அவர் மனைவி டோரதியின் பக்கமிருந்தும் படியுங்கள். வர மறுத்தவர், கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கப்பலேறினார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டோரதியின் மனம் உடைந்தது, 1807இல் சாகும்வரை தேறவில்லை. கணவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே வீட்டில் அவர் அடைபட்டுக் கிடந்தார். ஒரு குடும்பத்தைப் பணித்தளத்துக்கு அனுப்பும் முன் மனைவியைத் தனியே உட்காரவைத்து, "உனக்கு விருப்பமா?" என்று கேட்கிறேன். தயக்கம் இருந்தால் அந்தக் குடும்பம் காத்திருக்கலாம். கர்த்தருடைய வேலை அதனால் கெட்டுப்போகாது.

போன பிறகு, கணவர் மொழி வகுப்புக்குப் போவதும் மனைவி பிள்ளையோடு வீட்டில் இருப்பதும் வழக்கமாகிவிடும். இதை அனுமதிக்காதீர்கள். ஓராண்டில் கணவருக்கு ஊரெல்லாம் நண்பர்கள் இருப்பார்கள், மனைவிக்கு விலை கேட்கத்தான் தெரிந்திருக்கும். காலையில் அவர் படித்தால், மதியம் அவர் பிள்ளையை வைத்துக்கொள்ள, மனைவி படிக்கட்டும். எங்கள் வீட்டில் இதைக் காலண்டரில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம்.

பிள்ளைகள் அந்த ஊரைத் தங்கள் ஊராக எடுத்துக்கொள்வார்கள், அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் தாய்மொழியில் வாசிக்கவும் எழுதவும் தினமும் அரைமணி நேரம் கற்றுக்கொடுங்கள். தாத்தா பாட்டியோடு அவர்கள் பேச வேண்டும். பத்து வயதுக்குப் பிறகு எந்தப் பள்ளி என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். எந்தப் பெரியவரோடும், உடன் ஊழியராக இருந்தாலும், மூடிய அறையில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

உடன் ஊழியர்

வாரம் ஒருமுறை சேர்ந்து ஜெபியுங்கள், மாதம் ஒருமுறை மனக்குறைகளை நேருக்கு நேர் பேசுங்கள். பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுப் பிரிந்தார்கள். பின்னாளில் அதே மாற்குவைத் தம்மிடம் அழைத்துவரும்படி பவுல் எழுதினார். பிரிய நேர்ந்தாலும் கதவைச் சாத்தாமல் பிரியுங்கள்.

ஓய்வு

ஞாயிறு உங்களுக்கு வேலை நாள். வேறொரு நாளை ஓய்வுக்கு எடுத்து அதைக் காத்துக்கொள்ளுங்கள். சாப்பிடவும் நேரமில்லாமல் திரும்பிய சீஷர்களை வனாந்தரமான இடத்துக்கு அழைத்துப்போய்ச் சற்று இளைப்பாறச் சொன்னவர் ஆண்டவர். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் இறக்கும்வரை ஒருமுறையும் தாய்நாடு திரும்பவில்லை. அது அவருக்குக் கிடைத்த கிருபை. எல்லோருக்கும் அதைச் சட்டமாக்குவது கொடுமை.

செவிலியராகச் சில அறிகுறிகளைச் சொல்கிறேன். இரண்டு மூன்று வாரங்களாகத் தூக்கம் சரியில்லை. அந்த ஊர் மக்கள் செய்வதெல்லாம் எரிச்சலூட்டுகிறது. கதவு தட்டும் ஓசை கேட்டால் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது. ஜெபிக்க முடியவில்லை, அழுகை மட்டும் வருகிறது. இவை தென்பட்டால் அனுப்பும் சபைக்குச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதை அவிசுவாசம் என்று சொல்லி யாரையும் இன்னும் ஆழத்தில் அமிழ்த்தாதீர்கள். புதிய நாட்டில் முதல் மகிழ்ச்சி வடிந்தபின் எரிச்சலும் ஏக்கமும் வருவது பெரும்பாலோருக்கு நேர்வதுதான். மொழி வர வர அது குறையும். குறையாமல் கூடினால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

விடுப்பில் ஊருக்கு வரும்போது முதல் இரண்டு வாரங்களுக்கு எந்தச் சபையிலும் பேச ஒப்புக்கொள்ள வேண்டாம். தூங்குங்கள், பெற்றோரோடு இருங்கள், முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நம்பகமான ஒருவரிடம் நடந்ததையெல்லாம் அவசரமில்லாமல் பேசுங்கள். கிளம்பும் முன் அங்கே வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, திரும்பும் மாதத்தைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.